நிலக்கரியும் கூடுகிறது, சூரிய மின்சாரமும் கூடுகிறது: பாய்லர் மாற்றப் போகிறவன் எதை நம்புவது?

சிப்காட் தோல்காரன் (ராணிப்பேட்டை) கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் வட்டாரத்தில் என் மாமனார் தொடங்கிய சிறிய டேனரியை (தோல் பதனிடும் ஆலையை) இப்போது நான் நடத்தி வருகிறேன். வெட் ப்ளூ (குரோமியம் ஏற்றிய ஈரத் தோல்) வாங்கி, கிரஸ்ட் (சாயமேற்றி உலர்த்திய தோல்) ஆக்கி, பினிஷிங் முடித்து ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். சாயமும் எண்ணெயும் ஏற்றும் டிரம்கள் ஆறு, தோலை உலர்த்தும் வேக்கம் டிரையர் ஒன்று, தோலை இழுத்து மாட்டிக் காயவைக்கும் டாக்ளிங் அறை ஒன்று, சூடான தகட்டால் அழுத்தும் பிளேட்டிங் பிரஸ் ஒன்று. இவை அத்தனைக்கும் சூடு கொடுப்பது ஒரே ஒரு விறகு பாய்லர். அதற்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. டியூப்களை அடைத்து ஒப்பேற்றும் காலம் முடிந்தது, அடுத்த ஆண்டுக்குள் மாற்றியே ஆகவேண்டும் என்று ஃபிட்டர் சொல்லிவிட்டார்.

எதற்கு மாற்றுவது என்பதில்தான் வீட்டிலும் பட்டறையிலும் பேச்சு முடியாமல் நீள்கிறது. காட்பாடியில் பொறியியல் படிக்கும் என் மகன், உலகமே மின்சாரத்துக்குப் போகிறது, நாமும் மின்சார பாய்லர் வைத்து ஷெட்டின் மேல் சோலார் போடுவோம் என்கிறான். தொழிலில் பங்குதாரரான மைத்துனரோ, உலகம் முழுக்க நிலக்கரி எரிப்பு கூடிக்கொண்டே போகும்போது நாம் மட்டும் ஏன் அவசரப்படவேண்டும், இந்தோனேசிய நிலக்கரிக்கு ஏற்றதாக ஒன்று வாங்கிப் போடுவோம் என்கிறார். இன்னொரு நண்பர் குழாய் காஸ் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார். இதற்கு நடுவில் ஷூ கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது; ஒரு சதுர அடி தோலுக்கு எவ்வளவு எரிபொருள், எவ்வளவு மின்சாரம் என்று நான்கு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். சூரிய மின்சாரம் சாதனை அளவுக்கு வளர்ந்தது என்று ஒரு நாள் செய்தி வருகிறது; நிலக்கரிப் பயன்பாடு சாதனை அளவைத் தொட்டது என்று மறுநாளே வருகிறது. இரண்டும் ஒரே உலகத்தைப் பற்றிய செய்திகள்தானா? பதினைந்து ஆண்டுகள் ஓடவேண்டிய ஒரு பாய்லரை வாங்குகிறவன் இதிலிருந்து எதைப் புரிந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாம்பல் பிடித்தவர் (வாலாஜா) எழுதியது:

வணக்கம். ராணிப்பேட்டையில் உள்ள பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) பாய்லர் துணைக்கருவி ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலை மின்னழுத்தத்தால் இழுத்துப் பிடிக்கும் பிரிசிபிடேட்டர் கருவிதான் என் பணிக்காலம் முழுவதும் எனக்குச் சோறு போட்டது. ஆகவே நிலக்கரியின் மேல் எனக்குப் பகையும் இல்லை, பாசமும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் உண்மை. கிராமத்தில் புதிதாக ஒரு போர் போடுகிறவர் பழைய கிணற்றை உடனே தூர்த்துவிடுவதில்லை. நிலம் கூடியிருக்கும், கரும்பு வைத்திருப்பார், இரண்டிலிருந்தும் இறைப்பார். உலகின் எரிசக்திக் கதை கடந்த இருநூறு ஆண்டுகளாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. நிலக்கரி வந்தபோது விறகு நிற்கவில்லை, பெட்ரோலியம் வந்தபோது நிலக்கரி நிற்கவில்லை. 2024ஆம் ஆண்டில் உலகம் எரித்த நிலக்கரி 870 கோடி டன்னுக்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகம் சீனத்தில் எரிந்தது, அடுத்த இடம் நமக்கு. பெட்ரோலியம் நாளொன்றுக்குப் பத்துக் கோடிப் பீப்பாய்க்கு மேல் செலவாகிறது. மொத்த எரிசக்தியில் இன்னமும் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகிய மூன்றிலிருந்தே கிடைக்கிறது.

இதை மட்டும் பார்த்தால் உங்கள் மைத்துனர் சொல்வது சரி. ஆனால் மொத்தத்தை விட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. 2024இல் உலக மின்சாரத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு உமிழாத வழிகளில், அதாவது நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றால் கிடைத்தது. 2025இன் முதல் ஆறு மாதங்களில் புதுப்பிக்கத்தக்க வழிகளில் கிடைத்த மின்சாரம் நிலக்கரி மின்சாரத்தை உலக அளவில் முதன்முறையாக முந்தியது. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1882இல் இலண்டன் ஹோல்போர்ன் பகுதியில் நிலக்கரியால் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய அந்த நாடு, ராட்கிளிஃப் என்ற ஊரிலிருந்த தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. அதே ஆண்டில் சீனம் 270 ஜிகாவாட்டுக்கு மேல் சூரியத் தகடுகளைப் பொருத்தியதோடு, 90 ஜிகாவாட்டுக்கு மேல் புதிய நிலக்கரி மின்நிலையங்களின் கட்டுமானத்தையும் தொடங்கியது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு கிணறுகள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மொத்த எரிசக்திக் கணக்கு நிலக்கரிக்குச் சற்றுக் கூடுதலாகவே மதிப்பெண் போடுகிறது. நூறு பங்கு சூடுள்ள நிலக்கரியை அனல்மின் நிலையத்தில் கொட்டினால், மின்சாரமாக வெளியே வருவது முப்பத்தைந்து பங்கை ஒட்டித்தான். மீதி புகைபோக்கி வழியாகவும், குளிர்விப்புக் கோபுரத்தில் நாம் பார்க்கும் வெள்ளை ஆவியாகவும் போய்விடுகிறது. அந்த முப்பத்தைந்தைச் சூரியத் தகடு கொடுத்தால் நாம் நூறுக்கு ஈடுசெய்யவேண்டியதில்லை, முப்பத்தைந்துக்கு ஈடுசெய்தால் போதும். எனவே 'இன்னும் ஐந்தில் நான்கு பங்கு' என்ற எண்ணைக் கேட்டு, மாற்றமே நடக்கவில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

ஆனால் தோல்காரரே, உங்களுக்கு வேண்டியது மின்சாரம் அன்று, சூடு. மின்சாரத்தில் நடக்கும் வேகமான மாற்றம் தொழிற்சாலைச் சூட்டில் இன்னும் நடக்கவில்லை. சிமெண்டுச் சூளை, இரும்பு உலை, நூல் சாயப்பட்டறை, உங்கள் டேனரி எல்லாம் பெரும்பாலும் எதையாவது எரித்தே ஓடுகின்றன. உங்கள் மகன் சொல்லும் மின்சார பாய்லரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நம் நாட்டு மின்தொகுப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பிச் சுருளைச் சூடாக்கித் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஒரு யூனிட் சூட்டுக்கு அந்த 0.7 கிலோ அப்படியே உங்கள் கணக்கில் ஏறும். அதே சூட்டை நிலக்கரி பாய்லரில் நேரடியாக எரித்துப் பெற்றால் அரை கிலோவுக்குப் பக்கத்தில்தான் வரும். தொகுப்பு மின்சாரத்தை மட்டும் நம்பி மின்சார பாய்லர் போட்டுவிட்டு, படிவத்தில் 'தூய எரிபொருள்' என்று நிரப்பினால், கணக்குத் தெரிந்த தணிக்கையாளர் சிரிப்பார்.

வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும்: நாளொன்றுக்கு எத்தனை கிலோ விறகு, டிரம்களுக்கு எத்தனை லிட்டர் வெந்நீர், அந்த வெந்நீர் எத்தனை டிகிரி. சுமார் கணக்கு வேண்டாம், அளந்து எழுதுங்கள்.

மேல்விஷாரத்துக்காரர், இப்போது வளைகுடாவில், எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். வாலாஜா ஐயா சொன்னதற்கு மேல் எரிவாயுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் வேலை பார்ப்பது அதில்தான். எங்கள் ஆலையில் எரிவாயுவைக் கழித்தல் 162 டிகிரி வரை குளிர்வித்துத் திரவமாக்குகிறோம். அப்படிச் செய்தால் அறுநூறு லாரி காஸ் ஒரு லாரியில் அடங்குவது போல அளவு சுருங்கிவிடும். பிறகு அதைக் கப்பலில் ஏற்றி எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். நம் பக்கத்தில் எண்ணூரில் 2019 முதல் அப்படி இறக்குகிறார்கள்.

காஸுக்குக் காத்திருக்கச் சொல்லும் நண்பரின் எண்ணத்தில் தவறில்லை. எரிக்கும் இடத்தில் புகை இல்லை, சாம்பல் இல்லை, நிலக்கரியைப் போல ஏறக்குறைய பாதிதான் கரியமில வாயு. ஆனால் குழாயில் கசிந்தால் மீத்தேன் நேராக வானத்துக்குப் போகும், அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதைவிட உங்களைப் போன்ற சிறிய முதலாளி கவலைப்படவேண்டியது விலையைப் பற்றி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது, தன் இறக்குமதி எரிவாயுவில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் ரஷ்யாவிடம் வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பா, அதற்கு மாற்றாக உலகில் எந்தக் கப்பல் எங்கே போய்க்கொண்டிருந்தாலும் கூடுதல் விலை கொடுத்துத் திருப்பிக்கொண்டது. அந்த விலையைக் கொடுக்க முடியாத பாகிஸ்தானும் வங்காளதேசமும் இருட்டில் தவித்தன.

இங்கே என் அறைக்கு அடுத்த அறையில் இருப்பவர் லாகூர்க்காரர். அந்தக் கோடையில் தினமும் இரவு வீட்டுக்குப் பேசும்போது, கரண்டு இருக்கிறதா என்பதே அவருடைய முதல் கேள்வி. இப்போது அவர் கைப்பேசியில் தன் தெருவின் படத்தைக் காட்டுகிறார். வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் சீனத் தகடுகள். 2024 ஒரே ஆண்டில் பாகிஸ்தான் ஏறக்குறைய 17 ஜிகாவாட் அளவுக்குத் தகடுகளை இறக்குமதி செய்தது. அரசு பெரிய திட்டம் போட்டுக் கொண்டுவந்ததாகச் சொல்லமுடியாது. மின்கட்டணம் தாங்காமல் மக்களே வாங்கி மாட்டினார்கள். விளைவு, நாட்டின் மின்தொகுப்பிலிருந்து வாங்கும் மின்சாரம் குறைந்துபோய், கத்தாரிடம் ஒப்பந்தப்படி வாங்கவேண்டிய எரிவாயுக் கப்பல்கள் சிலவற்றைத் தள்ளிவைக்குமாறு அந்த அரசே கேட்டுக்கொண்டது. எரிவாயு விற்றுச் சம்பளம் வாங்கும் என் கண் முன்னே நடந்தது இது.

கத்தார் தன் ஆண்டு உற்பத்தித் திறனை 7.7 கோடி டன்னிலிருந்து 2030க்குள் 14.2 கோடி டன்னாக உயர்த்தும் வேலையில் இருக்கிறது. அமெரிக்காவோ 2023 முதல் உலகிலேயே பெரிய ஏற்றுமதியாளர். எனவே வரும் ஆண்டுகளில் விலை இறங்குவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இறங்கிய விலையை நம்பிப் பதினைந்து ஆண்டுக்கு இயந்திரம் வாங்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும் பாய். 2022 மறுபடி வராது என்று என்னால் சொல்ல இயலாது.

மொட்டைமாடி (காட்பாடி) எழுதியது:

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் தகடுகள் போட்டு இரண்டாவது கோடை முடிந்திருக்கிறது. மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் எங்களுக்கும் கிடைத்தது. கிடைப்பதற்கு நடந்த நடையையும், நெட் மீட்டர் (வாங்கும், திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தைக் கணக்கிடும் மீட்டர்) வருவதற்கு முன் சும்மா வெயில் காய்ந்த தகடுகளையும் பற்றி இங்கே எழுதினால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வேலூர் வெயிலுக்குச் சோலார் கொட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக நோட்டில் எழுதி வைத்திருப்பதால் சொல்கிறேன், அக்னி நட்சத்திரத்தின்போது எங்களுக்குக் கிடைத்த யூனிட்டுகள் மார்ச்சு மாதத்தில் கிடைத்ததைவிடக் குறைவு. சிலிக்கான் தகட்டுக்கு ஒளி வேண்டும், வெப்பம் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறன் குறைகிறது. வெளியில் 42 டிகிரி அடிக்கும் மதியத்தில் தகட்டின் மேற்பரப்பு 65ஐத் தாண்டிவிடும். அதாவது ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. அத்துடன் ஏப்ரல், மே மாதப் புழுதியும் சேரும். சூரியன் ஏறுவதற்கு முன், தகடு குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் விட்டுத் துடைக்கவேண்டும். சுட்ட தகட்டில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். ஆண்டுச் சராசரியாகக் கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள், விற்பனையாளர் சொல்லும் ஐந்தை நம்பவேண்டாம்.

நிறுவு திறன் (எல்லா மின்நிலையங்களும் முழுவேகத்தில் ஓடினால் கிடைக்கக்கூடியது) வேறு, உற்பத்தி வேறு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வதுபோல ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் மொத்த நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத வழிகளுக்கு மாறிவிட்டது என்று 2025இல் அறிவித்தார்கள். அது உண்மை, 2030க்கு வைத்த இலக்கை ஐந்தாண்டு முன்னதாகவே தொட்டது பெரிய செயல்தான். ஆனால் நம் வீட்டு விளக்கில் எரியும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கை ஒட்டி இன்னமும் நிலக்கரியே தருகிறது. சூரியத் தகடு நாளில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒப்பாகத்தான் முழுவேகத்தில் உழைக்கும். அனல்மின் நிலையம் இரவிலும் ஓடும். ஆறு மணிக்குத் தகடு உறங்கப் போகிறது, ஏழு மணிக்கு நாம் ஏசியைப் போடுகிறோம். 2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட வெயில் நாட்களில் இரவிலும் தேவை பெரிதாக இறங்குவதில்லை. முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நமக்குக் கைகொடுக்கின்றன, அதன் பிறகு அவையும் அடங்கிவிடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பேட்டரி. லித்தியம் பேட்டரித் தொகுதியின் விலை 2010 வாக்கில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024இல் 115 டாலருக்கு இறங்கியிருக்கிறது. இருந்தாலும் உங்கள் டேனரிக்கு அது வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஏன் என்றால், வெந்நீர்த் தொட்டியே ஒரு பேட்டரிதான். நண்பகலில் சோலார் கொழிக்கும்போது பத்தாயிரம் லிட்டரைச் சூடாக்கி, கண்ணாடி இழை சுற்றிய தொட்டியில் அடைத்து வைத்தால், மறுநாள் காலை முதல் டிரம் சுற்றத் தொடங்கும்போது இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்திருக்கும். உங்கள் மகனிடம் மின்சார பாய்லரை மறந்துவிட்டு வெப்ப பம்ப்பைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். ஏசி அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா, வெளிப்பெட்டியின் முன் நின்றால் முகத்தில் அனல் அடிக்குமே, அதே வேலையைத் திருப்பிச் செய்வது அது. வெளிக்காற்றின் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். நோர்வே, சுவீடன் போன்ற குளிர்நாடுகளில் பல வீடுகளையே இதை வைத்துச் சூடாக்குகிறார்கள். அங்கே பனிக்காற்றிலிருந்து சூட்டைப் பிழியவேண்டும், இங்கே வேலூர்க் காற்று பாதி வேலையை முன்பே செய்து வைத்திருக்கிறது. தகட்டுக்கு ஆகாத வெயில் இதற்கு ஆகும்.

ஆற்காடு விறகுத் தொட்டி எழுதியது:

பெரியவர்கள் எழுதியதைப் படித்தேன். மூன்று தலைமுறையாக விறகு வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. ஒரு காலத்தில் வீட்டு அடுப்புக்கு எடை போட்டுக் கொடுத்தோம். இலவச காஸ் அடுப்பு வந்தபின் வீட்டு வியாபாரம் நின்று, பாய்லரும் செங்கல் சூளையும் டீக்கடையும்தான் மிச்சம். எங்களிடம் வருவதில் பெரும்பகுதி சீமைக் கருவேலம். ஏரிக்குள்ளும் ஓடைக்கரையிலும் முளைத்து நீரை உறிஞ்சும் அந்த முள்ளை வெட்டச் சொல்லி நீதிமன்றமே ஆணையிட்டது. வெட்டினால் மூன்று, நான்கு ஆண்டில் மறுபடி தழைக்கிறது. அதை எரிப்பதும், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் நிலக்கரியை எரிப்பதும் படிவத்தில் ஒன்றாகுமா? வெட்டுக் கூலிக்கு வரும் குடும்பங்களையும் அந்த நான்கு பக்கத்தில் எங்காவது எழுத இடம் உண்டா? கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இன்னொன்று. 2012இல் நாளுக்குப் பதினாறு மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? அன்றைக்குப் பாய்லர் எரிந்தது எங்கள் விறகில்.

சிப்காட் தோல்காரன் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா கேட்டபடி ஆறு வேலை நாட்கள் அளந்து பார்த்தோம். மகன் ஒரு தெர்மாமீட்டரோடு டிரம் டிரம்மாக அலைந்தான்.

விறகு நாளொன்றுக்குச் சராசரி 700 கிலோ. டிரம்களுக்குப் போகும் வெந்நீர் ஏறக்குறைய 10,000 லிட்டர். தொட்டித் தண்ணீர் 30 டிகிரி, டிரம்முக்குள் போகும்போது 55. சாயத்துக்கோ ஃபேட்லிக்கருக்கோ (எண்ணெய் ஏற்றுவதற்கோ) 60ஐத் தாண்டி நாங்கள் ஒருபோதும் போவதில்லை என்பதே இப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்லர் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ.

அளக்கும்போது நாங்களே வெட்கப்பட்ட விஷயங்களும் உண்டு. வேக்கம் டிரையரிலிருந்து வரும் சூடான கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து மாறிய) நீர் பாய்லருக்குத் திரும்பாமல் நேராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் அந்த இடத்தில் ஆவி எழும்புவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. டிரம் வேலை இரண்டு மணிக்கு முடிந்த பிறகும் பாய்லர் ஆறு மணிவரை எரிகிறது.

சாம்பல் பிடித்தவர் எழுதியது:

வெட்கப்படவேண்டாம், பெரிய ஆலைகளிலும் இதையே பார்த்திருக்கிறேன். கணக்குக்கு வருவோம்.

10,000 லிட்டர் நீரை 25 டிகிரி உயர்த்த இரண்டரை லட்சம் கிலோகலோரி போதும். காய்ந்த விறகில் கிலோவுக்கு 3,300 கிலோகலோரி என்று வைத்தால், உங்கள் 700 கிலோவில் இருப்பது 23 லட்சம். டிரையருக்கும் டாக்ளிங் அறைக்கும் தாராளமாக எட்டு லட்சம் கொடுத்தாலும், நீங்கள் எரிப்பதில் பாதிக்கு மேல் தோலைத் தொடாமலே போகிறது. 7 கிலோ அழுத்தத்தில் நீராவி 170 டிகிரி. 55 டிகிரி தண்ணீருக்காக 170 டிகிரியைச் செய்கிறீர்கள். இட்லி வேகவைப்பதற்குக் கொல்லன் உலையை மூட்டுவது போன்றது இது.

இப்போது அந்த வெந்நீருக்கு மட்டும் மூன்று வழிகளின் செலவு. பாய்லர் திறன் 60 விழுக்காடு என்றால் விறகு 126 கிலோ. டன் 5,500 ரூபாய் என்று கொண்டால் சுமார் 700 ரூபாய். மின்சாரக் கம்பிச் சுருள் என்றால் 290 யூனிட். யூனிட் எட்டு ரூபாயில் 2,320 ரூபாய். வெப்ப பம்ப் என்றால் 97 யூனிட், 776 ரூபாய். காட்பாடி அம்மா சொன்ன கணக்குப்படி 25 கிலோவாட் தகடுகள் நாளுக்கு நூறு யூனிட் தரும்; அதைக் கூரையில் போட்டுவிட்டால் இந்த 776 ரூபாயும் பெரும்பாலும் இல்லை, தகட்டின் முதலீடு தான் கணக்கு. கூரை மின்சாரம் இல்லாத நாளில்கூடக் கரியமில வாயு ஒரு யூனிட் சூட்டுக்குக் கால் கிலோவை ஒட்டித்தான் வரும், அதாவது காஸ் எரிப்பதற்குச் சமம். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நிலக்கரி பாய்லர் வாங்கினால் முதல் நாள் விடும் புகையைத்தான் பதினைந்தாம் ஆண்டிலும் விடும். வெப்ப பம்ப்போ நீங்கள் கையே வைக்காமல், மின்தொகுப்பு தூய்மையாக ஆக, தானும் ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகும். உங்கள் மைத்துனரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

டிரையருக்கும் பிளேட்டிங் பிரஸ்ஸுக்கும் இன்னும் கூடுதல் சூடு தேவை. அதற்கு ஒரு சிறிய பாய்லர், இப்போது இருப்பதில் பாதி அளவு, விறகிலேயே இருக்கட்டும். விறகுத் தொட்டிக்காரரின் கேள்வி நியாயமானது: மறுபடி தழைக்கும் முள்ளை எரிப்பதும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்ததை எரிப்பதும் கரியமிலக் கணக்கில் ஒன்றல்ல. புகையும் தூசியும் மட்டும் ஒன்றுதான், அதற்கு ஒரு பை வடிகட்டி (துணிப்பைகளில் தூசியைப் பிடிக்கும் கருவி) வையுங்கள். 2012ஐப் பற்றிய அவருடைய கேள்விக்கும் அந்தச் சிறிய விறகு பாய்லரே பதில்.

படிவத்தைக் கண்டும் அதிகம் அஞ்சவேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் விதிக்கும் கரியமிலக் கட்டணம் இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்குத்தான். தோல் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களிடம் கேட்பது வாங்குகிற கம்பெனி. அவர்களுக்கு வேண்டியது அளந்த எண். அது இப்போது உங்கள் மகன் கையில் இருக்கிறது.

சிப்காட் தோல்காரன் எழுதியது:

மைத்துனர் கணக்கைத் தாளில் ஒருமுறை தானே போட்டுப் பார்த்துவிட்டு, நிலக்கரிப் பேச்சை விட்டுவிட்டார். கண்டன்சேட் குழாயை நேற்று ஃபிட்டர் பாய்லர் தொட்டியோடு இணைத்தார். முதல் நாளே அறுபது கிலோ விறகு மிச்சம் என்று பாய்லர்மேன் சொல்கிறார், ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். தொட்டிக்குக் கண்ணாடி இழை சுற்றவும், வெப்ப பம்ப்புக்கு இரண்டு இடங்களில் விலை கேட்கவும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

விறகுத் தொட்டி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. மாதம் இரண்டு லோடு எடுத்துக்கொண்டிருந்த நான் இனி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும்படி ஆகலாம். ஆனால் அந்த ஒன்று காய்ந்ததாக வேண்டும். மழையில் நனைந்ததை எடை போட்டு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். வெட்டி மூன்று மாதம் காயவைத்துத் தருவதாக இருந்தால் டன்னுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.